மாது வூட்டு மடி

கரட்டுக்கொட்டாய் சசிகலாவிடம் புளி வாங்கப் போகிறவர்கள் விலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். புளியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை குறையாகப் பேசிவிடக் கூடாது. பேசியவர்களை அவள் திட்டமாட்டாள். தராசை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். அவர்களும் நல்லம்பள்ளிப் பக்கமெல்லாம் சுற்றி அலைந்துவிட்டு அடுத்த வருஷம் மரியாதையாக அவள் வாசலில் வந்து நிற்பார்கள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, வெயிலில் கறுத்த முகம். புளி மூட்டையை முன்னால் கிடத்திக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் தருமபுரிக்கு அவள் போகிற வேகத்தைப் பார்த்து டவுன் பஸ்காரனே ஒதுங்குவான். அந்த டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவர் அவளுடைய புருஷன் முனியப்பன் என்பது வேறு விஷயம்.

சசிகலாவுக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சமெல்லாம் இல்லை, நிறையவே ஜாஸ்தி. அது அவளுடைய அப்பா மாது கொடுத்துவிட்டுப் போன சொத்து. கூடவே இரண்டு மானாவாரிக் கொல்லைகளையும், அவற்றின் வரப்போரம் நிற்கிற புளியமரங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். புளியமரங்களுக்கு அந்த வீட்டில் பெயர் உண்டு. ஆடு மாட்டுக்குப் பெயர் வைப்பதைப் போல மாதுவின் அப்பா காலத்திலேயே வைத்த பெயர்கள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் அவை தெரியாது. மரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டா திரிவார்கள்?

மாதுவுக்கு சசிகலா ஒரே பிள்ளை. ஆண் வாரிசு இல்லை என்பதால் முனியப்பனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டு வந்தார். சசிகலாவுக்கும் பிறந்தது ஒரே பெண்தான், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். மாது செத்தபோது கொள்ளி வைத்தவர் பங்காளி வீட்டு மாதவராஜ். மாதுவின் சித்தப்பா பேரன், சசிகலாவுக்கு அண்ணன் முறை, ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எந்த விசேஷமானாலும் மைக்குக்கு முன்னால் ஒரு நாற்காலி தனக்கென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். கொள்ளி வைத்த கையோடு, கோயில் பொங்கலில் மாது வீட்டுக்கு இருந்த முதல் பானை மரியாதையும் அவர் வீட்டுக்குப் போனது. யாரும் பறித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. வழக்கம் அப்படி.

“மாது வூடு முடிஞ்சுதும்மா” என்று ஊர்ப் பெரியவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அந்த ஆறுதல் சசிகலாவின் நெஞ்சில் முள்ளாக ஏறி அப்படியே நின்றுவிட்டது. உயிரோடு ஒருத்தி அந்த வீட்டில் விளக்கேற்றி, அடுப்பு மூட்டி, அப்பன் மரத்துப் புளியை உலுக்கி ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறாள். அப்புறம் என்ன முடிந்தது? அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வரிசையின் கடைசியில் தன் பானையை வைத்து, பொங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

மாதுவைப் பற்றி இன்னும் இரண்டு சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, அந்த மனுஷருக்கு கிளாரினெட் சத்தம் ஆகாது. சசிகலா கல்யாணத்துக்கு பேண்டு செட் வேண்டவே வேண்டாம் என்று நாதஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டார். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கிளாரினெட் வந்தால் எழுந்துபோய் அமுக்கிவிட்டு வருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காரணம் தெரியாமலே சசிகலாவின் கையும் அதற்குப் பழகிப்போயிற்று. டிவியில் அந்தச் சத்தம் வந்தால் ரிமோட்டைத் தேடும்.

இன்னொன்று சசிகலாவின் சடங்கில் நடந்தது. பெண் பெரியவளானால் அத்தை முறைக்காரி ஆலத்தி சுற்ற வேண்டும். மாதவராஜின் அத்தை ஜானகியம்மாள்தான் சசிகலாவுக்கும் அத்தை முறை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தட்டோடு வாசற்படி ஏறி வந்தாள். மாது அவளை அங்கேயே நிறுத்திவிட்டார். தட்டை வாங்கி, கூட்டத்துக்கு நடுவில், பொம்பளைகள் நிற்கிற இடத்தில் தானே நின்று மகளுக்கு ஆலத்தி சுற்றினார். ஆம்பளை ஆலத்தி சுற்றியதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு அடங்கவே வெகுநாள் ஆயிற்று. ஜானகியம்மாள் அன்றைக்கு இறங்கிப் போனவள்தான், மறுபடி அந்தப் படியேறவில்லை. மணையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த சசிகலாவுக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் மட்டும் ஞாபகமிருக்கிறது. பின்னொரு நாள் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, உனக்கு ஒரு அத்தை இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பேர் என்ன, எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் போன வருஷம் கிளாரினெட் சந்திரமோகனுக்கு டெல்லியில் பெரிய விருது கொடுத்தார்கள். தெற்கத்திச் சினிமாப் பாட்டுகளில் அழவைக்கிற இடம் எதுவாக இருந்தாலும் அங்கே அவருடைய கிளாரினெட்தான் இருக்கும். கச்சேரி மேடை வேறு. பெங்களூர்க்காரர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விருது வாங்கிய கையோடு டிவியில் பேட்டி எடுத்தார்கள். பேட்டி எடுத்த பெண், இவ்வளவு பெரிய வித்வான் ஒரு கடுக்கன்கூடப் போடவில்லையே என்று விளையாட்டாகக் கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் தருமபுரி மாவட்டத்தையே எழுப்பி உட்காரவைத்தது.

தன் அம்மா பேர் ராஜாமணி என்றார். தருமபுரிப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர். அப்பா பெங்களூரில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற பேண்டு செட்டில் இருந்தவர், கன்னடக்காரர். இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்த இடத்தில் இருவரும் பார்த்துப் பேசி ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பிறந்த ஊரின் பேரை அம்மா கடைசி மூச்சு வரைக்கும் சொல்லவில்லை. மகனுக்குக் காது குத்தவும் விடவில்லை. குத்தினால் தன் தம்பி மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தம்பி பேர் மாது. அறுபது தாண்டிய அந்த மனுஷர், வெறும் காதைத் தடவிக் காட்டிக்கொண்டே சிரித்தார். பார்த்தவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து சந்திரமோகன் எங்கள் ஊர் என்று சொல்லாத ஊர் கிடையாது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. பேர்பெற்ற பிள்ளை எல்லோருக்கும் வேண்டும், ஓடிப்போன பெண் மட்டும் யாருக்கும் வேண்டாம். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் பெண்கள் இல்லை என்று ஒவ்வொரு ஊரும் முதலில் கையைக் கழுவிக்கொண்டது. அப்புறம் அந்த பேண்டு செட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. அவர் கன்னடக்காரரே இல்லை, எங்கள் ஊரிலிருந்து பஞ்சத்தில் பிழைக்கப் போனவரின் பிள்ளை என்றார்கள். இரண்டு ஊர்க்காரர்கள் இதற்காகக் கைகலப்பு வரைக்கும் போனார்கள். அந்த மனுஷர் பெயரையே ஒருவரும் கேட்டுவைத்திருக்கவில்லை. மாதவராஜும் சும்மா இருப்பாரா? தன் தாத்தாவின் தம்பி ஒருவர் கோலார் தங்கவயலுக்குப் போய்த் திரும்பவே இல்லை, அவருடைய பிள்ளைதான் அந்த பேண்டு செட்டுக்காரர் என்று கண்டுபிடித்து, நல்லம்பள்ளி கூட்ரோட்டில் ‘எங்கள் பங்காளி’ என்று ஃபிளெக்ஸ் வைத்தார். சந்திரமோகன் படம் சின்னதாகவும் மாதவராஜ் படம் பெரிதாகவும் இருந்தது.

சசிகலா அந்தப் பேட்டியைப் பார்க்கவில்லை. கிளாரினெட் ஒலித்ததுமே ரிமோட்டை அமுக்கியிருந்தாள். முனியப்பன்தான் பஸ்ஸில் கேட்ட கதையை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். அந்தத் தம்பியின் பேர் மாது என்றபோது அவள் சாதம் போட்டுக்கொண்டிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. அப்புறம், இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு மாது இருந்தார்கள், வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். முனியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா வாயைத் திறக்காமல் காப்பாற்றிய ஒன்றைத் தெருவில் போட்டு உடைப்பதா? உடைத்தபின் இல்லை என்று ஆகிவிட்டால், புகழுக்கு அலைந்தவள் என்ற பேர்தான் மிஞ்சும். நெஞ்சில் வந்ததை நெஞ்சிலேயே புதைத்துவிட்டு மறுநாள் வழக்கம்போலப் புளிக்குப் போனாள்.

மாசி மாதம். மரங்களை உலுக்கி முடித்து, வாசலில் பெண்கள் உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் வந்து நின்று, அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வெயிலில் அலைந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. சந்திரமோகனின் மகள் கவிப்பிரியா என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் மாலையோடு ஆட்கள் வந்துவிடுகிறார்கள் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, இத்தனை நாளாக ஊர் ஊராகக் கேட்டுவந்த கேள்வியை இங்கேயும் கேட்டாள்.

“ஊமச்சின்னு ஒரு அம்மன் கோயில் இந்தப் பக்கம் இருக்குதுங்களா ஆன்ட்டி?”

இந்தக் கேள்வியை அவள் கேட்காத கோயில் இல்லை. இல்லை என்று சொன்ன ஊரும் இல்லை. ஒரு ஊரில் பச்சையம்மனைக் காட்டி, இவளுக்குத்தான் அந்தக் காலத்தில் ஊமச்சி என்று பேர் என்றார்கள். இன்னொரு ஊரில் பூசாரி ஊமச்சியம்மன் மகிமையை ஒரு மணி நேரம் சொல்லி, தேங்காயும் உடைத்துக் கொடுத்தார். கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான், வேறென்ன.

சசிகலா புளி உடைக்கிற சுத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“எங்க ஆயாங்க, அப்பாவோட அம்மா. பெங்களூர்ல எல்லாரும் அஜ்ஜின்னு கூப்பிடுவாங்க, இவங்க மட்டும் ஆயான்னுதான் கூப்பிடணும்பாங்க. நான் பொய் சொன்னா, ஊமச்சி மேல சத்தியம் பண்ணுன்னு கேப்பாங்க. அது எங்க குலதெய்வம்னு அப்பா நினைக்கிறாரு. அந்தக் கோயிலக் கண்டுபிடிச்சா ஊரக் கண்டுபிடிச்சிரலாம்னுதான் அலையறேன்.”

சசிகலா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வா என்று மட்டும் சொல்லி, கொல்லை வழியாகக் கரட்டோரம் நிற்கிற பெரிய புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உலுக்கியதில் சிக்காமல் தொங்கிய ஒரு காயைப் பறித்து அந்தப் பெண்ணின் காதோரம் வைத்து ஆட்டினாள். சத்தம் வரவில்லை. பக்கத்து மரத்துக் காயைப் பறித்து ஆட்டினாள். ஓட்டுக்குள்ளே பழம் கலகலவென்று ஆடியது.

பழுத்துக் காய்ந்த புளி அப்படித்தான் சத்தம் போடும். இந்த ஒரு மரத்தில் மட்டும் சதை அவ்வளவு தடிப்பு, ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு காய்ந்தாலும் பேசாது. அதனால் அதற்கு ஊமச்சி என்று பேர்.

“இதாம்மா உங்க ஊமச்சி. சாமியில்ல, மரம். எங்கப்பாவும் எங்கிட்ட இதும்மேலதான் சத்தியம் வாங்குவாரு” என்றாள் சசிகலா. “எங்கப்பா பேரு மாது. உங்க ஆயா எங்க அத்தை. என்னைய ஆன்ட்டின்னு கூப்பிடாத. நான் உனக்குச் சின்னம்மா முறை ஆகணும்.”

கவிப்பிரியா அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெங்களூரில் வளர்ந்த பெண், எறும்பு கடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சசிகலா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, அப்பா வாய்விட்டுச் சொல்லாத அத்தையின் பேரைச் சொல்லச் சொன்னாள். ராஜாமணி என்று கவிப்பிரியா சொன்னதும் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்பா எழுந்துபோய் அணைத்த ரேடியோவெல்லாம் ஞாபகம் வந்தது. அக்காளைக் கூட்டிக்கொண்டு போன வாத்தியம் என்றுதான் அந்த மனுஷர் அணைத்தார். அதில் வாசித்துக்கொண்டிருந்தது சொந்த அக்காள் மகன் என்பது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை நினைத்தபோது சசிகலாவுக்கு வந்த துக்கத்தை ஆற்ற அந்த மரத்தடியில் யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய ரோஷம் வேலை செய்தது. அன்று சாயங்காலம் டீக்கடை முன்னால் மாதவராஜும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து அடுத்த ஃபிளெக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சசிகலா வண்டியை நிறுத்தினாள், ஸ்டாண்டு போட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“எங்க அத்தை ராஜாமணி பேண்டு செட்டுக்காரரோட ஓடிப்போனாங்க. சந்திரமோகன் அவுங்க பையன். ஓடிப்போனது எங்க வூட்டுப் பொண்ணுதான். வேற எந்த வூட்டுலயும் தேட வேணாம்.”

ஓடிப்போனாங்க என்பதை, கலெக்டருக்குப் படித்தாங்க என்கிற மாதிரிச் சொன்னாள். அந்த ஊரில் அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் நிமிர்ந்து நின்று சொன்னதில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாதவராஜ் அரசியலில் இருந்தவர். திகைப்பெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். கோலார் தாத்தாவை அங்கேயே கைகழுவிவிட்டு, அப்படியானால் சந்திரமோகனுக்கு நாம்தான் தாய்மாமன் வீடு என்றார். மறுவாரமே புது ஃபிளெக்ஸ் வந்தது. பங்குனியில், குடும்ப வழக்கப்படி முடியிறக்கிக் காது குத்துகிற தீர்த்தமலை அடிவாரத்தில், சந்திரமோகனுக்குக் காது குத்துவது என்று முடிவாயிற்று. மாது இல்லாததால் மாமன் இடத்தில் தானே உட்காருவதாகவும் மாதவராஜ் சொல்லிவிட்டார். அதை யாரிடமும் கேட்கவில்லை. கொள்ளி வைத்தவர் மடி கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்?

சசிகலா வாக்குவாதத்துக்குப் போகவில்லை. சீர்த்தட்டு வேலைகளைப் பார்த்தாள். ஊமச்சிப் புளியை வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடித்தாள். ஒரு நாள் தருமபுரிக்குப் போய் நல்ல பேண்டு செட் ஒன்றைப் பேசிவிட்டு வந்தாள். கிளாரினெட் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்தாள் என்று கேள்விப்பட்டதும் முனியப்பன் பஸ்ஸில் இரண்டு பேருக்குத் தப்பாகச் சில்லறை கொடுத்துவிட்டார். ஆனால் மாமன் மடி என்கிற ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அத்தை கேட்டது பங்காளி மடியை இல்லை. தன் தம்பியின் மடியை. மாதவராஜ் உட்கார்ந்துவிட்டால், மாது வூடு முடிந்தது என்பதற்கு அந்த அத்தை மகனே சாட்சியாகிவிடுவார். அதை அவளால் தாங்க முடியாது.

அந்த நாளும் வந்தது. தீர்த்தமலை அடிவாரத்தில் பந்தல் போட்டு, வண்டி வண்டியாகச் சனம். சந்திரமோகன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். ஆள் நல்ல கனம். வாசிப்பீர்களா ஐயா என்று ஆளுக்கு ஆள் கேட்டதற்கு, இன்றைக்கு நான் விசேஷ வீட்டுப் பிள்ளை, எனக்குத்தான் வாசிக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தருமபுரி பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிய ஆளுக்கு அவரைப் பார்த்ததும் மூச்சே வரவில்லை. சுருதி எங்கேயோ போயிற்று. அவர் அதற்கும் தலையாட்டி ரசித்துக்கொண்டு, அப்பா இப்படித்தான் ஆரம்பத்தில் வாசித்தார் என்று அம்மா சொல்லுவார்கள் என்றார்.

ஆசாரி ஊசியையும் கடுக்கனையும் எடுத்து வைத்தார். தாய்மாமன் வரலாம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். மாதவராஜ் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு போய் மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். போட்டோக்காரர்கள் நெருக்கினார்கள்.

சசிகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணைக்கு முன்னால் போய் நின்றாள்.

“எழுந்திருங்கண்ணா. அது எங்கப்பா எடம். நான் உக்கார்றன்.”

கூட்டம் முதலில் புரியாமல் பார்த்தது. அப்புறம் சிரித்தது. மாதவராஜ் கோபப்படவில்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். மாமன் இடத்தில் பொம்பளை உட்காருவது எந்த ஊர் வழக்கம் என்றார். அதுவும் சந்திரமோகன் அவளுக்கு முறை மாமன். முறைப்பெண் மடியில் முறை மாப்பிள்ளையை உட்காரவைத்தால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்றார். அவர் சொன்னதில் முறைப்படி ஒரு தப்பும் கிடையாது. அதனால்தான் சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. முனியப்பனைப் பார்த்தும் யாரோ ஏதோ சொன்னார்கள். சசிகலாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது பந்தலின் பெண்கள் பக்கத்திலிருந்து ஜானகியம்மாள் எழுந்தாள். மாதவராஜின் அத்தை. மாது அன்றைக்கு வாசற்படியில் நிறுத்தித் தட்டை வாங்கிக்கொண்ட அதே ஜானகியம்மாள். தாலி அறுத்து அண்ணன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவள், எண்பதை நெருங்குகிறவள். டிவியில் ராஜாமணி பேரைக் கேட்ட அன்றே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கூடப் பாண்டி ஆடியவள் பேர் மறந்துபோகுமா? ராஜாமணியைத் தெரிந்தவர்களில் ஊரில் மிச்சமிருந்தது இவள் ஒருத்திதான். பழைய வருத்தத்தில் வாயை இறுக்கிக்கொண்டு இருந்துவிட்டாள். இன்றைக்கும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அவளால் உட்கார முடியவில்லை.

“டேய் மாதவா, எழுந்திர்றா” என்றாள். சிரிப்பு நின்றது. “இவ சடங்குக்கு நான் ஆலாத்தித் தட்டோட போனன். உங்க பெரியப்பன் என்னைய வாசப்படியிலயே நிறுத்திட்டான். எங்கக்கா வர்ற வரைக்கும் அவ எடத்துல நான் நிக்கறன்னு சொல்லிட்டு, தட்ட வாங்கி அவனே சுத்துனான். ஊரே சிரிச்சுது. இப்ப சிரிச்சீங்களே, இதே சிரிப்புத்தான். நானும் சிரிச்சன். முப்பது வருசத்துக்கு மேல அந்தக் கோவத்துலயே இருந்துட்டன்.”

மூச்சு வாங்கிக்கொண்டாள். சந்திரமோகனைப் பார்த்தாள்.

“ஆம்பள அத்தையா நின்னது உங்கம்மாளுக்காகத்தான் சாமி. இன்னிக்கி அவன் எடத்துல அவம் பொண்ணு உக்கார்றன்னு நிக்கறா. மடி இவளுது இல்ல, மாதுவோடது.”

சந்திரமோகன் அதுவரைக்கும் ஊர் வழக்கம் என்று ஒதுங்கி நின்றுகொண்டிருந்தவர். தன் அம்மாவுக்காக அவள் தம்பி ஒரு கூட்டத்தின் நடுவில் ஆலத்தித் தட்டோடு நின்றான் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அறுபது வருஷமாக அந்த அம்மா, தன்னைப் பிறந்த வீடு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது கண்கள் சிவந்திருந்தன. மாதவராஜிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாதவராஜ் எழுந்தார். எழுந்து, மணையை மேல்துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கினார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய எல்லா ஃபிளெக்ஸையும் மன்னித்துவிடலாம்.

சசிகலா சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சந்திரமோகன் அவள் மடியில் பாரம் விழக் கூடாதென்று ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் தவித்தார்.

“நல்லா உக்காருங்க மாமா. புளி மூட்ட தூக்கற ஒடம்பு, ஒண்ணும் ஆவாது.”

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அது வேறு சிரிப்பு. முனியப்பன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சந்திரமோகன் ஊன்றிய கையை எடுத்துவிட்டு முழுக் கனத்தோடும் உட்கார்ந்தார். ஆசாரி காது மடலைப் பிடித்தார். ஊசி இறங்கியபோது அந்தப் பெரிய மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி ஆவென்று கத்திவிட்டார். சசிகலா முந்தானையில் முடிந்திருந்த வெல்லப்புளி உருண்டையை எடுத்து அவர் வாயில் போட்டாள். புளிப்பில் முகம் கோணியது, கோணிய முகத்தோடே அழுதார். இரண்டு காதிலும் கடுக்கன் ஏறிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை. பேண்டு செட்டுக் கிளாரினெட்காரனுக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்து, பாட்டு சுருதியில் உட்கார்ந்தது. சசிகலா அதைக் கடைசிவரைக்கும் கேட்டாள்.

அடுத்தது சீர். யார் வீட்டுச் சீர் என்று மைக்கில் சொல்ல வேண்டும். மைக் செட்டுக்காரர் கையில் இருந்த துண்டுச்சீட்டில் மாதவராஜ் பேர் இருந்தது. அவர் தயங்கிக்கொண்டு மாதவராஜைப் பார்த்தார். மாதவராஜ் சசிகலா பக்கம் கையைக் காட்டிவிட்டு, தட்டுகளில் பெரியதைத் தன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார்.

“என்னான்னு சொல்லட்டுங்க?” என்று மைக் செட்டுக்காரர் அவளிடம் குனிந்து கேட்டார்.

“மாது வூடுன்னு சொல்லு” என்றாள் சசிகலா.

“தாய்மாமன் சீர், கரட்டுக்கொட்டாய் மாது வூடு” என்று குழாயில் அறிவித்தார்கள். ஒருமுறை போதாது, இன்னொருமுறை சொல்லு என்றாள். சொன்னார்கள்.